ஊதாத் திட்டு

உவர்மலையில் எங்கள் பழைய வீட்டை ஒதுக்கும்போது அந்த 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி கண்ணில் பட்டது. அப்பா அதன் இடப்பக்கம் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்த கிழமையே திரையின் ஓரத்தில் ஊதாத் திட்டு ஒன்று படிந்தது. செய்தி வாசிப்பவரின் கன்னம் பச்சையானது. உப்புக் காற்றுத்தான் காரணம் என்று அம்மா நம்பினார்.

காரணம் ஒலிபெருக்கிக்குள் இருந்த காந்தம். குழாய்க்குள் மூன்று இலத்திரன் கற்றைகள் ஒரு துளைத்தகட்டின் ஊடாகப் பாய்ந்து சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைத் தாக்குகின்றன. அருகிலுள்ள காந்தம் கற்றையை வளைத்தால், அது வேறு நிறப் புள்ளியில் விழும். பெட்டியை நகர்த்திய பிறகும் கறை போகவில்லை. அந்தத் தகடே காந்தமாகியிருந்தது. திருத்த வந்தவர் மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளைத் திரைமுன் வட்டமாகச் சுழற்றியபடி, மெல்ல மெல்லப் பின்னே நடந்தார். நிறங்கள் திரும்பின! பத்து வயதில் நான் பார்த்த மிகப் பெரிய அதிசயம் அது.

இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகளில் வளைவதற்குக் கற்றையே இல்லை. ஒலிபெருக்கியைப் பயமின்றி ஒட்டியே வைக்கலாம்.

பழையதை இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணா. நான் சம்மதிக்கவில்லை.