‘இரண்டாம் ஜாமங்களின் கதை’: ஆறு சனிக்கிழமைகள்

ஆகஸ்ட் 2, சனி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இம்முறை சல்மாவின் நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. 2004இல் காலச்சுவடு வெளியிட்டது. ஏறக்குறைய ஐந்நூறு பக்கம். வாரத்துக்கு எண்பது, தொண்ணூறு பக்கம் என்று வைத்தால் ஆறு சனிக்கிழமையில் முடியும். வட்டத்தில் ஒன்பது பேர். ஏழு பேர் தமிழில் படிக்கிறார்கள், இரண்டு பேர் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (2009).

ஒன்பதில் நான்கு பேர் ஏற்கெனவே ஒரு தடவை தொடங்கிவிட்டு மூடி வைத்தவர்கள். நான்கு பேரும் விட்டது முதல் நூறு பக்கத்துக்குள். காரணமும் ஒன்றுதான்: யாருக்கு யார் என்ன உறவு என்று பிடிபடவில்லை. “கல்யாணப் பந்தி மாதிரி இருக்கு. ஒருத்தரை அடையாளம் கண்டு சிரிக்கிறதுக்குள்ள அந்த இலைக்கு வேற ஆள் வந்துடுது” என்றார் ஒருவர். நியாயமான புகார்தான், ஆனால் தீர்க்க முடிகிற புகார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

உறவுப் படம் பற்றி. முதலில் எல்லாரும் செய்வது, தாத்தாவை உச்சியில் போட்டு வம்சாவளி மரம் வரைவது. இந்த நாவலுக்கு அது வேலைக்கு ஆகாது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் வஹிதாவின் கல்யாணம் வந்ததும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். படம் நூல்கண்டு சிக்கியது போல ஆகிவிடும்.

மரத்துக்குப் பதிலாக வீடுகளை வரையுங்கள். ஒரு ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து நான்கு கட்டம். முதல் கட்டத்தில் அண்ணன் தம்பி குடும்பங்கள்: காதர், மனைவி ரஹீமா, மகள் வஹிதா; தம்பி கரீம், மனைவி ஸோஹ்ரா, மகள் ராபியா. இரண்டாவதில் ஸோஹ்ராவின் தாய் ஆமினா, தங்கை பிர்தவ்ஸ். மூன்றாவது வஹிதா வாழப்போகிற வீடு, சிக்கந்தரின் வீடு. நான்காவது, இந்தச் சொந்தத்துக்கு வெளியே இருந்து உள்ளே கலக்கிறவர்களுக்கு: மாரியாயி, சிவா. இவ்வளவு போதும். மற்றவர்களை அவர்கள் வரும்போது எந்த வீட்டு வாசலில் தென்படுகிறார்களோ அந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். பேனா வேண்டாம், பெண்கள் கட்டம் மாறுவார்கள்.

இன்னொரு சிக்கல் அழைக்கும் முறை. ஸோஹ்ரா ஒரே ஆள்தான். ராபியாவுக்கு அம்மா, வஹிதாவுக்குச் சின்னம்மா முறை, ரஹீமாவுக்கு ஓரகத்தி, பிர்தவ்ஸுக்கு அக்கா. பேசுகிறவர் மாறினால் சொல்லும் மாறும், நாம் புது ஆள் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். திருச்சி, மதுரைப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை ‘அத்தா’ என்பது வழக்கம். வட்டத்தில் ஒருவர் அதை ‘அத்தை’யின் அச்சுப்பிழை என்று நினைத்து வெகுதூரம் படித்திருக்கிறார். அவருடைய கதையில் அந்த வீட்டுக்கு ஒரு பொல்லாத அத்தை இருந்தாராம்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் தொண்ணூறு பக்கம். கருத்து நேர் பாதியாகப் பிளந்தது. “கதை எப்ப ஆரம்பிக்கும்?” என்று ஒரு சாரார். ராபியா இருந்தால் போதும், கதையே வேண்டாம் என்று மறு சாரார்.

சிறுமியை முன்னால் நிறுத்தியது இனிமைக்காக என்று படித்தால் ஏமாற்றம்தான். பெரியவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள், பாதியில் விட்டதை வேறு யாரோ வேறு வீட்டில் முடிக்கிறார்கள். வாசகருக்குச் செய்தி வந்து சேருவதும் இப்படித் துண்டு துண்டாகத்தான். மெதுவாகப் போகிறது என்பவர்கள் ஒரே மூச்சில் நாற்பது ஐம்பது பக்கம் ஓட்டியவர்கள். நாளுக்குப் பதினைந்து பக்கம் படித்தவர்களுக்கு அந்தக் குறை தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பிர்தவ்ஸ். மணமுடித்த கணவனைப் பார்த்த மாத்திரத்திலேயே உன்னோடு வாழமாட்டேன் என்கிறாள், தொட விடவில்லை. தாய் வீட்டுக்குத் திரும்புகிறாள். இன்று முழுக்க இதே பேச்சு.

“இப்படி ஒருத்தி முகத்துக்கு நேரா சொல்லுவாளா, அந்த ஊர்ல?” என்பது ஒரு கேள்வி. அவள் மறுப்பதற்கு ஆசிரியர் போதுமான காரணம் கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் ஏற்கவில்லை. அழகான பெண், பிடிக்காத ஆண், அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் கேட்பதுதானே அந்த ஊரும் செய்கிற வேலை. குடிகாரன், அடிப்பவன் என்று ஏதாவது எழுதியிருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நாவல் சாதாரணமாகப் போயிருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தலைப்பு பற்றிச் சின்னதாக. சூரியன் சாய்ந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஜாமம் என்று எண்ணினால் முதல் ஜாமம் ஆறிலிருந்து ஒன்பது, இரண்டாம் ஜாமம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. ஆங்கிலத் தலைப்போ நள்ளிரவுக்குப் பிந்தைய பொழுது என்று பொருள்படுகிறது. கணக்குப்படி அது மூன்றாம் ஜாமம். ஆங்கிலத்தில் படிக்கும் இருவரும் ஊர் உறங்கிய பிறகு நடக்கும் இரகசியங்களை எதிர்பார்த்தே உள்ளே போயிருக்கிறார்கள். தமிழ்த் தலைப்பில் அந்த இரகசியம் குறைவு. ஆண்கள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, கதவடைத்த பிறகு பெண்களுக்கென்று மிச்சமாகிற பொழுது அது. பன்மையில் ‘ஜாமங்களின்’ என்று இருப்பதையும் கவனிக்கலாம். ஒருத்தியின் ஒரு இரவு இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஆண் பாத்திரங்கள். இதுவரை வந்ததிலேயே வலுவான குற்றச்சாட்டு இதுதான். கரீமுக்கு மாரியாயியோடு உறவு உண்டு, ஊருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். ஆனால் கரீமின் மனதுக்குள் நாவல் ஆழமாக இறங்குவதே இல்லை என்றார் வட்டத்தின் மூத்த வாசகர். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை (1988) எடுத்துப் பேசினார்: அதில் வடக்கு வீட்டு முதலாளி கொடுமைக்காரர்தான், ஆனாலும் அவர் சரிவதைப் பார்க்கையில் மனசு கனக்கிறதே, இங்கே ஏன் அப்படி இல்லை?

பாதிக்குப் பாதி ஒப்புக்கொள்ள வேண்டியது. சில ஆண்கள் மெய்யாகவே ஒற்றை வர்ணம்தான். மறு பாதி, பார்வைக் கோணம். வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும்போது ஆண் என்பவன் செருப்புச் சத்தம், சாப்பாட்டு நேரம், கடையிலிருந்து வரும் கோபம். மாரியாயி அத்தியாயங்களை மட்டும் தனியாகத் திரும்பப் படித்துப் பாருங்கள். அங்கே ஸோஹ்ராவின் வேதனையும் மாரியாயியின் வேதனையும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் இரண்டும் நிற்கின்றன. பலவீனமான ஆணைச் சுற்றி இவ்வளவு எழுத முடிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

“கொச்சை” என்ற சொல் குழுவில் மூன்று தடவை வந்துவிட்டது. பெண்கள் கூடிப் பேசும் இடங்களில் உடம்பு, படுக்கை, மாதவிலக்கு எல்லாம் ஒளிவுமறைவின்றி வருகிறது. முகம் சுளித்த மூவரில் இருவர் ஆண்கள், ஒருவர் பெண். சிரித்துக்கொண்டே படித்தவர்கள் நான்கு பேர், நால்வரும் ஐம்பது வயது தாண்டிய பெண்கள். கிண்டல் அத்தனையும் மணமான பெண்களின் வாயில், மணமாகாத பெண் அருகே இருந்தால் அடங்கிவிடும் என்பதை அவர்களில் ஒருவர்தான் சுட்டிக்காட்டினார்.

ஆகஸ்ட் 30, சனி

வஹிதா. நாவலில் அதிகம் கோபம் சம்பாதித்தவள் இவள்தான், சிக்கந்தர்கூட இல்லை. தானே ஒரு கசப்பான தாம்பத்தியத்தில் கிடப்பவள், பிர்தவ்ஸுக்குச் சிவாவோடு உள்ள உறவு தெரிந்ததும் பிர்தவ்ஸ் பக்கம் நிற்கவில்லை. “ஒரு பொண்ணுக்கு இன்னொரு பொண்ணு ஆதரவா இருக்க வேணாமா?” என்ற ஆதங்கம் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த ஆதரவை எழுதியிருந்தால்தான் பொய்யாகியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு விதிப்படி வாழ்கிறவளுக்கு, விதியை மீறி ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறாள் என்பது தன்னை முட்டாளாக்குகிற சேதி. வஹிதாவின் கல்யாணத்துக்குப் பிந்தைய பக்கங்களை அவசரமாகத் தாண்டியவர்களுக்கு அவள் கோபம் திடீரென்று முளைத்ததாகத் தெரியும்.

துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்து, பதின்மூன்று வயது வாக்கில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டவர் சல்மா. அதை வைத்து இது முழுக்க அவருடைய கதைதான் என்று ஒருவர் முடிவு கட்டினார். அப்படியானால் இத்தனை பெண்களில் அவர் யார்? பதில் வரவில்லை.

செப்டம்பர் 6, சனி

(முடிவு வருகிறது. படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

தாய் ஆமினாவே மகள் பிர்தவ்ஸுக்கு விஷம் கொடுக்கிறாள். ஐந்து பேர் ஏற்றுக்கொண்டார்கள், மூன்று பேர் நாடகத்தனம் என்றார்கள், ஒருவர் அந்தப் பக்கங்களைப் படிக்கவே மறுத்துவிட்டார். வெளியிலும் வாதம் உண்டு: சல்மா தன் சமூகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று ஒரு பக்கம், துணிச்சல் என்று மறுபக்கம். இரண்டு தரப்பும் நாவலின் இந்த ஒரு காட்சியையே கையில் பிடித்துக்கொண்டு பேசுவதுதான் கோளாறு. ஐந்நூறு பக்கத்தில் பண்டிகை உண்டு, தின்பண்டம் உண்டு, பிள்ளைகளின் விளையாட்டு உண்டு, ஓரகத்திகள் ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்வது உண்டு.

நாடகத்தனம் என்றவர்களின் வாதத்தில் ஒரு சத்து இருக்கிறது. முதல் நானூறு பக்கம் நிதானமாக நடந்த நாவல், கடைசியில் ஓட்டம் பிடிக்கிறது. துக்கத்துக்கு மேல் துக்கம் அடுக்கப்படுவதால் ஒவ்வொன்றின் கனமும் குறைகிறது. ஆனால் ஆமினாவை நம்ப முடியவில்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. பிர்தவ்ஸ் திரும்பி வந்த நாளிலிருந்து ஆமினா வரும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அந்த வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். கடைசிக் காட்சியில் அந்த அம்மாள் புதிதாக எதுவும் ஆகிவிடவில்லை.

நான்கு கட்டத் தாள்களை ஒன்பது பேரும் கொண்டுவந்திருந்தார்கள். எட்டுத் தாளில் பிர்தவ்ஸின் பெயர்மேல் குறுக்குக் கோடு. விஷக் காட்சியைப் படிக்க மறுத்தவரின் தாளில் மட்டும் கோடு இல்லை. ஆமினாவின் கட்டத்தைச் சுற்றி இரண்டு முறை பென்சிலால் அழுத்தி வரைந்திருந்தார்.