கறுப்புப் படமும் 504-உம்

பிள்ளைகளுக்கான தமிழ்ச் சொல் அட்டைகளுக்குப் படங்கள் தேவைப்பட்டன. மாட்டுவண்டி, உரல், கிணறு, எண்ணெய்க் குளியல் என்று எக்செல்லில் நீளமான பட்டியல். ஒவ்வொரு வரியையும் ஒரு பட உருவாக்க ஏபிஐக்கு, அதாவது நிரல்கள் நேரடியாகப் பேசும் இணையச் சேவைக்கு அனுப்பி, வருகிற படத்தைச் சேமிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் ‘ஃபெயில்டு’. ஏன் என்பதை மட்டும் அது சொல்லவே சொல்லாது.

அதனால் முதல் வேலையாக, சர்வர் அனுப்பும் பதிலை அப்படியே லாக்கில், அதாவது ஒரு பதிவுக் கோப்பில், எழுத வைத்தேன். கோரிக்கை என்ன ஆனது என்று சொல்லும் மூன்று இலக்க நிலை எண், பதிலோடு வரும் கூடுதல் குறிப்புகளான ஹெடர்கள், உள்ளே வரும் செய்தி எல்லாம். ஒரே ‘ஃபெயில்டு’க்குள் வெவ்வேறு சமாச்சாரங்கள் ஒளிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

400 எளிது, அனுப்பிய கோரிக்கையே தவறு என்று அர்த்தம். அட்டை 4:3 என்பதால் சில வரிகளில் 1000-க்கு 750 பிக்சல் என்று இருந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் நீள அகலத்தில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய வடிவில்தான் படத்தை உருவாக்குகின்றன, கடைசியில்தான் விரிக்கின்றன. ஆகவே இரண்டு அளவுகளும் எட்டால் வகுபட வேண்டும். 750 வகுபடாது. 1024-க்கு 768 என்று மாற்றினேன், விகிதமும் கெடவில்லை.

429 வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பல சேவைகள் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதை ‘ரிட்ரை-ஆஃப்டர்’ என்ற ஹெடரில் சொல்லிவிடும். அது இல்லாதபோது 1, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகலாம். கூடவே கொஞ்சம் ராண்டம் நேரமும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காத்திருந்த கோரிக்கைகள் எல்லாம் டிக்கெட் கவுன்டர் திறந்ததுபோல ஒரே நொடியில் முண்டியடித்து, மறுபடியும் 429 வாங்கிக்கொண்டு திரும்பும்.

பணத்தைத் தின்றது 504தான், நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று சொல்லும் எண். லாக்கில் நேரத்தைப் பார்த்தால் ஒவ்வொரு 504-உம் 60 விநாடியைத் தொட்டதும் விழுந்திருந்தது. இவ்வளவு துல்லியமாக விழுந்தால் சந்தேகம், நமக்கும் படம் போடும் சர்வருக்கும் நடுவில் நின்று கோரிக்கையைக் கைமாற்றும் ப்ராக்ஸி மேல்தான் போக வேண்டும். பலரும் ப்ராக்ஸியாக வைக்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால், பின்னாலிருக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் 60 விநாடி. ப்ராக்ஸி பொறுமையிழந்து நமக்குக் கைவிரித்துவிடுகிறது. பின்னால் படம் போடும் சிப்பான ஜிபியு பாட்டுக்குப் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறது. கிரெடிட் கணக்கைத் திறந்தேன். வராத படங்களுக்கும் கழிந்திருந்தது. ஸ்கிரிப்ட் உடனே திரும்ப அனுப்பியதால் அதே கிணற்றுக்கு இரண்டாம் முறையும் கழிந்திருந்தது!

அதே சேவையில் இன்னொரு வழியும் இருந்தது. கோரிக்கையை அனுப்பினால் உடனே ஓர் அடையாள எண் வரும்; அதை வைத்துச் சில விநாடிக்கு ஒருமுறை ‘ஆயிற்றா’ என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்கு மாறிய பிறகு 504 எட்டிப்பார்க்கவில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: இப்படி வரும் படத்தின் லிங்க் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும், வந்த கையோடு இறக்கி வைத்துவிட வேண்டும்.

அப்புறம் 200. எல்லாம் சரி என்கிற எண். ஆனால் ஃபோல்டரில் சில கோப்புகள் மட்டும் ஒரே அளவில், மற்றவற்றைவிட மிகச் சின்னதாகக் கிடந்தன. திறந்தால் முழுக் கறுப்பு. பதிலுக்குள்ளே, பாதுகாப்பு வடிகட்டி தடுத்தது என்று ஒரு குறிப்பு இருந்தது. தடுக்கப்பட்டவற்றில் ஒன்று, பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் படம். நம் வீடுகளில் சாதாரணக் காட்சி. ஆனால் உடையில்லாத குழந்தை என்று வந்தாலே வடிகட்டி தடுத்துவிடும். அதில் எனக்குக் கோபமில்லை, அது கறாராகத்தான் இருக்க வேண்டும். பிள்ளையைத் துண்டில் சுற்றி, பாட்டி தலை துவட்டுகிற மாதிரி ப்ராம்ப்டை, அதாவது படத்துக்கான விவரிப்பை, மாற்றியதும் படம் வந்தது. அதோடு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள கோப்பைத் தோல்வி என்றே கணக்கில் எடுக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

கழிந்த கிரெடிட்டைக் கேட்டு உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ‘கோரிக்கை எண்ணும் நேரமும் இருக்கிறதா’ என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. லாக்கில் எண் இருந்தவற்றுக்குத் திருப்பிப் போட்டார்கள். லாக் எழுதுவதற்கு முன்னால் போனவை போனவைதான்.