ஆத்தாவின் விரிப்புகளும் ஒரு தனி லைனும்

ஆத்தா படுக்கையில் விழுந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. தினமும் நாலைந்து விரிப்பு மாற்ற வேண்டும். நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்தில் கொடி கட்டியும் ஒன்றும் காயவில்லை. ஈர விரிப்பில் ஆத்தாவைப் படுக்க வைக்க மனசு வராமல் துணி உலர்த்தும் டிரையர் வாங்கினேன்.

அவசரத்தில் அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிட்டேன். அரை மணி நேரத்தில் கருகல் வாடை. பிளக் கை வைக்க முடியாமல் சுட்டது, துளையின் ஓரம் உருகிப் பழுப்பேறியிருந்தது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

மெஷினின் பின்னால் 2200 வாட் என்று போட்டிருந்தது. 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9.6 ஆம்பியர். "ஆச்சி, இது லைட்டுக்குப் போட்ட பழைய ஒயரிங். எர்த்தே கிடையாது. இதுல ஓட்டாதீங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

முகப்பிலிருக்கும் மீட்டரிலிருந்து வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டு வரை தனி லைன் போட முடிவானது. தூரம் அதிகம் என்பதால் 4 சதுர மி.மீ. செப்பு ஒயர், அளவுக்கு மேல் மின்சாரம் போனால் அணைக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, மின்சாரம் கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. முட்டை வெள்ளைக்கரு பூசி இழைத்த சுவரைக் கொத்தவிட எனக்கு மனமில்லை. தாழ்வார ஓரமாகவே பிவிசி பைப்பில் கொண்டுபோனோம். கிணற்றடியில் எட்டடிக்கு ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் குழி அமைத்தார்கள். ஆர்சிசிபிக்குள் போகுமுன் உள்ள பேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துக் காட்டினார். மங்காமல் எரிந்தது; எர்த் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் டிரையரைப் போட்டதுமே ஆர்சிசிபி விழுந்தது. ஏற்றினால் மறுபடி விழுந்தது. தேடியதில், புது லைனின் நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பி வரும் ஒயரை, ஆர்சிசிபியில் மாட்டாமல் பழைய நியூட்ரல் கட்டையில் மாட்டியிருந்தது தெரிந்தது. போன மின்சாரம் தன் வழியாகவே திரும்பி வராவிட்டால், கசிவு என்றுதான் அந்தக் கருவிக்குத் தெரியும். சில வீடுகளில் தொல்லை என்று இதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஈரக் கையோடு புழங்கும் இடத்தில் உயிரைக் காப்பது அதுதான். நியூட்ரலை மாற்றியதும் சரியாக நின்றது.

இப்போது மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன். சித்திரையில் செம்மண் காய்ந்துவிடும் என்பதால் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர். வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுத்துவிடுகிறேன்; சூட்டில் அது பற்றிக்கொள்ளும். லைன் சரியான அன்று சாயங்காலம், காய்ந்த முதல் விரிப்பைச் சூடு ஆறுமுன் விரித்தேன். ஆத்தா அதைக் கன்னத்தோடு இழுத்து வைத்துக்கொண்டாள்.