ஒரே ஊருக்குத் திரும்பிச் செல்வது

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊர்களுக்குச் சென்று நிலம், கூலி, கடன் ஆகியவற்றை விசாரித்து எழுதிவரச் சொன்னார். 1916இல் திரட்டப்பட்ட அந்தக் குறிப்புகள் 1918இல் நூலாயின. திருநெல்வேலியின் கங்கைகொண்டான், வட ஆர்க்காட்டின் தூசி, தென் ஆர்க்காட்டின் இருவேல்பட்டு ஆகியவை அதில் இடம்பெற்ற ஊர்களுள் சில. சமூக அறிவியல் ஆய்வினால் என்ன பயன் என்று யாரேனும் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டுதான்.

அங்கே படியாட்கள் இருந்ததை 1916ஆம் ஆண்டுக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. முன்னோர் வாங்கிய சிறு தொகைக்காக அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிலக்கிழாரிடம் படி நெல்லுக்கு உழைத்தார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் தேடிப் பிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள். அன்றைக்கு ஊரார் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான் இது. ஆயினும் எழுதி வைக்கப்படாத கொடுமையை, அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்ற ஒரு வாக்கியத்தால் பின்னாளில் எளிதாக மூடிவிட முடியும்.

பதிவைவிடவும் முக்கியமாக நான் கருதுவது, ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பச் சென்றதைத்தான். 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும், 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் இருவேல்பட்டை ஆராய்ந்தார்கள். பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்து, தலித் குடும்பங்கள் அவரை அண்டி வாழவேண்டிய நிலை பெரிதும் நீங்கியிருந்ததைக் கடைசி ஆய்வு காட்டியது. ஊருக்கு வெளியே கிடைத்த வேலை, அரசின் நலத்திட்டங்கள், அரசியல் விழிப்பு ஆகியவை சேர்ந்து செய்த மாற்றம் அது. ஒருமுறை மட்டும் போய்ப் பார்த்தவருக்கு, இது எவ்வளவு தூரம் கடந்து வந்த நிலை என்பது புலப்பட்டிருக்காது.

குகனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்து, பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளரானவர் அவர். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு முதியோர் ஓய்வூதியம், மகப்பேறு உதவி, சம்பாதிப்பவர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி ஆகியவற்றை உள்ளடக்கிய குறைந்தபட்சப் பாதுகாப்பை அரசால் தர இயலும் என்று செலவுக் கணக்கோடு வாதிட்டார். 1995இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தில் இந்த மூன்றும் இடம்பெற்றன.

முதுகலை மாணவனாக நானும் ஒரு கிராமக் கணக்கெடுப்பில் பங்கேற்றிருக்கிறேன். ஒரு வீட்டில் கடன் ஏதுமில்லை என்று குடும்பத் தலைவர் சொன்னதை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டேன். விடுபட்ட வேறொரு விவரத்துக்காக இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனபோது அவர் வயலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி சற்றுத் தயங்கிவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து, நான்கு அடகுச் சீட்டுகளை என் முன்னால் வைத்தார்.