ஹெட் லீக்: அப்பாவின் ஆர்எக்ஸ் 100

மார்ச் 2, 2025, ஞாயிறு

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இன்று இருபதைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவது கியரில் துள்ளி ஏறுகிற அப்பாவின் யமஹா பைக், முதல் கியருக்கே திணறியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். ஹெட்டும் (சிலிண்டரின் மேல் மூடி) சிலிண்டரும் சேரும் கோட்டில், வலது பக்கம் மட்டும் கறுப்பாக எண்ணெய் ஈரம். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால் ‘உஸ்’ என்று காற்று போகிறது. அதற்கு மேல் ஏற்ற மனம் வரவில்லை. அடிவாரத்துக் காரவள்ளிக்கே இறங்கி நாமக்கல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

சோப்புத் தண்ணீரைத் தடவிக் கிக்கர் அடித்தேன். அதே வலது பக்கம் நுரை கொப்பளித்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜில் 85 பி.எஸ்.ஐ. தான், குறைவு. பிஸ்டன், ரிங் எல்லாம் போன வருடம்தான் மாற்றியது. ஆக, சந்தேகமே இல்லை, ஹெட் லீக்.

மார்ச் 5, புதன்

ராத்திரி ஹெட்டைக் கழற்றினேன். நான்கு நட்டையும் குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். வலது பக்க நட்டு இரண்டும் அசையவே மறுத்தன. முன்பு எப்போதோ ஒரு பட்டறையில் லீக் என்றதும் அந்தப் பக்கத்தை மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் தகடு மேல் சிவப்புப் பசை வேறு. அது கருகி உதிர்ந்து, போர் (பிஸ்டன் ஓடும் துளை) விளிம்பிலிருந்து வெளிவரை வாய்க்கால் மாதிரி ஒரு கறுப்புத் தடம்.

ஹெட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்தால், வலது பக்கம் இடைவெளி பார்க்கும் 0.05 மி.மீ. பீலர் தகடு தாராளமாக நுழைகிறது. சிலிண்டர் முகத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், அது சமமாகத்தான் இருக்கிறது.

லேத் பட்டறை அண்ணனிடம் போனில் சொன்னேன். “அலுமினியம் தம்பி, இழுத்த பக்கம் வளையத்தான் செய்யும். வளைஞ்சா ரெண்டு நட்டுக்கு நடுவுல வாய் திறந்துக்கும். அதை இன்னும் முறுக்கினா இன்னும் திறக்கும்” என்றார்.

அவர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டூ ஸ்ட்ரோக் ஹெட்டில் வால்வு கிடையாது, ஆயில் வழி கிடையாது. காற்றில் ஆறும் இந்த இன்ஜினில் தண்ணீர் வழியும் இல்லை. வெடிப்பை உள்ளேயே நிறுத்துவது ஒன்றுதான் பேக்கிங்குக்கு வேலை. போர் 50 மி.மீ., அதாவது ஏறக்குறைய 19.6 சதுர செ.மீ. கம்ப்ரஷன் 120 பி.எஸ்.ஐ. இருந்தால், நெருப்பே பிடிக்காமல் வெறும் கிக்கிலேயே ஹெட்டை 165 கிலோ மேலே தள்ளுகிறது. அந்த இடத்தில் பசை எப்படி நிற்கும்? உலோக முகம் உலோக முகத்தோடு சமமாக உட்கார்ந்தால்தான் உண்டு.

மார்ச் 8, சனி

தடித்த கண்ணாடித் துண்டு, 400 நம்பர் தண்ணீர் உப்புத்தாள், சோப்புத் தண்ணீர். ஹெட் முகம் முழுக்க மார்க்கரால் கோடு கிழித்துவிட்டு, லைசென்சுக்கு எட்டு போடுவது போல உப்புத்தாள் மேல் எட்டு போட்டேன். இருபது எட்டுக்கு ஒருமுறை ஹெட்டைக் கால் திருப்பு திருப்ப வேண்டும். கை எப்போதும் ஒரு பக்கம்தான் அழுத்தும், அதற்காக. மேடான இடத்தில் கோடு முதலில் அழிகிறது. வலது பக்கப் பள்ளத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து அதுவும் போனது. மறுபடி கோடு போட்டு 600 நம்பரில் தேய்த்தேன். நான்கே எட்டில் எல்லாக் கோடும் ஒன்றாக அழிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா 1993இல் வாங்கிய வண்டி.

தேய்த்தால் ஹெட் தாழும், பிஸ்டன் இடிக்கக் கூடாது. பிஸ்டன் ஓரத்தில் கிரீஸ் வைத்து 2 மி.மீ. ஈயக் கம்பி ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, பிஸ்டன் மேலே வந்து போகும்படி மேக்னட் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். நசுங்கிய கம்பி 1.2 மி.மீ. அந்த இடைவெளி போதும்.

மார்ச் 9, ஞாயிறு

செம்பு பேக்கிங்கை அடுப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டேன். எஃகு என்றால் இறுகும். செம்பு இளகும், அப்போதுதான் முகத்தோடு ஒட்டிப் படியும். கறையைத் தேய்த்து எடுத்துவிட்டு, பசை எதுவும் போடாமல் பூட்டினேன். குறுக்கு நட்டுகளாக மூன்று சுற்று: 10, 16, அப்புறம் 22 நியூட்டன் மீட்டர். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் லேத் அண்ணனுடையது.

பத்து நிமிடம் ஓடவிட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் குளிர்ந்த இன்ஜினில் அதே 22க்கு மறுபடி பிடித்தேன். நான்கு நட்டும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தன. செம்பு படிந்திருக்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் ஒரு மாதத்தில் மறுபடி ‘உஸ்’ தான். கேஜில் 120.

மார்ச் 16, ஞாயிறு

மலை மேலுள்ள செம்மேடு வரை போனேன். 70 வளைவும். மேலே போய் வண்டியை ஆறவிட்டு, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் அந்தக் கோட்டை வெள்ளைத் துணியால் சுற்றிலும் துடைத்துப் பார்த்தேன். புழுதி மட்டும்தான் ஒட்டியது.