பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு

சளி பிடித்த உடனே ஆன்டிபயாடிக் மாத்திரை தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது.

பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒரே செல்தான், ஆனாலும் தானே உணவெடுத்து, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை என்ற பாக்டீரியா சுமார் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். வைரஸோ புரத உறைக்குள் கொஞ்சம் மரபுப்பொருள், பெரும்பாலும் அவ்வளவுதான். இன்னொரு செல்லுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும்.

பாக்டீரியாவையே பிடிக்கும் வைரஸும் உண்டு! அவற்றுக்குப் பேஜ் என்று பெயர். டி4 என்ற பேஜ், கால் போன்ற இழைகளால் ஈ.கோலை மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதன் வால் சுருங்கி, டிஎன்ஏவை உள்ளே செலுத்தும். அரை மணி நேரத்துக்குள் செல் வெடித்து, புதிய பேஜ்கள் கூட்டமாக வெளியே வரும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சரி, இவை எதிரிகள் மட்டும்தானா? காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியதே ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவால்தான், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம் மரபணுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தம் மரபுப்பொருளை நுழைந்த செல்லின் டிஎன்ஏவிலேயே சேர்த்துவிடும் வைரஸ்களின் மிச்சம். அப்படி வந்த சின்சைட்டின் என்ற புரதம்தான், கருவில் நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றோடொன்று இணைக்கிறது.