ஐடியா தானா வந்துச்சா, தேடிப் பிடிச்சதா, இல்ல சமைச்சதா?

ஆபீஸ்ல புதுசா ஆள் எடுக்கும்போதெல்லாம் வர்ற ரெஸ்யூமே கட்டு முதல்ல என் தலையிலதான் விழும். படிச்சாலே தெரிஞ்சிடும், யார் யார் தெசாரஸ் (ஒரே அர்த்தம் வர்ற வார்த்தைகளை அடுக்கிக் காட்டுற அகராதி) ஆப்பைத் திறந்து வச்சுக்கிட்டு எழுதியிருக்காங்கன்னு. சமீபத்துல ஒரு பொண்ணு, காலேஜ் ஹாஸ்டல்ல தண்ணி வீணாகாம இருக்க இவங்க டீம் ஒரு பிளான் போட்டதை "கன்காக்டட் எ பிளான்"னு எழுதியிருந்துச்சு. ப்ராஜெக்ட் உண்மையிலயே நல்ல ப்ராஜெக்ட், ஆனா அந்த ஒரு வார்த்தையில ஏதோ வார்டனுக்குத் தெரியாம சுவர் ஏறிக் குதிக்க பிளான் போட்ட மாதிரி ஆயிடுச்சு!

கன்காக்ட் லத்தீன்ல இருந்து வந்தது, சேர்த்து சமைக்கிறதுன்னு அர்த்தம். கஷாயம், காக்டெயில் மாதிரி எதையாவது கலக்குறதுக்கு சொன்னா ஒரு பிரச்னையும் இல்ல, ஆனா கதை, சாக்கு, பிளான்னு வந்துட்டா உடனே திருட்டு வாசனை அடிக்கும். குக் அப்பும் அதே கேஸ்தான். ஹாட்ச்னா அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு ப்ளாட் வரும், சதி. கன்ட்ரைவ் கூட அப்படித்தான், 'கன்ட்ரைவ்ட்'னு சொன்னா வேணும்னே ஜோடிச்சதுன்னு திட்டுறாங்க. (நம்ம பேப்பர்ல மட்டும்தான் அரசாங்கமும் திட்டம் தீட்டும், கொள்ளைக்காரனும் திட்டம் தீட்டுவான், ரெண்டுக்கும் ஒரே தலைப்பு.)

தெசாரஸ் பண்ற அநியாயமே இதுதான், பதினஞ்சு வார்த்தையை பக்கத்துல பக்கத்துல வச்சு எல்லாம் ஒண்ணுதான்னு காட்டிடும். ஆனா ஐடியா சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் வினைச்சொல் ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள ஒரு கதை சொல்லுது, யார் தேடுனாங்க, எவ்வளவு நாள் தேடுனாங்க, அதிர்ஷ்டம் எவ்வளவு, மூளை எவ்வளவுன்னு. அதனால வார்த்தையை மாத்துனா அழகு மட்டும் மாறல, யாருக்கு பேர் போய் சேரணுங்கறதே மாறிடுது.

ஹிட் அப்பான், ஸ்டம்பிள் அப்பான் ரெண்டையும் எடுத்துக்கோங்க. ரெண்டுமே டக்குன்னு நடக்கறதுதான், ஆனா ஸ்டம்பிள்ல ஆள் வேற எதுக்கோ போய்க்கிட்டு இருந்தப்போ கால் தடுக்கியிருக்கு. ஹிட் அப்பான்ல பெரும்பாலும் அவர் அதையே தேடிக்கிட்டு இருந்திருப்பார். வில்லியம் ரோவன் ஹாமில்டன்னு ஒரு ஐரிஷ் கணக்குக்காரர், மூணு மூணு எண்ணா சேர்த்து வச்சு அதைப் பெருக்க வழி தேடி வருஷக்கணக்குல மண்டையை உடைச்சுக்கிட்டார். அவரோட பசங்களே காலையில சாப்பிட உட்காரும்போது "அப்பா, பெருக்க முடிஞ்சதா?"ன்னு கேப்பாங்களாம், இவர் இல்லடா, கூட்டத்தான் முடியுது, கழிக்கத்தான் முடியுதுன்னு தலையாட்டுவாராம். 1843 அக்டோபர் 16, டப்ளின்ல ராயல் கால்வாய் ஓரமா மனைவியோட நடந்து போறார், ப்ரூம் பாலத்துக்கிட்ட வரும்போது பொறி தட்டுது, மூணு பத்தாது, நாலு வேணும்! கையில இருந்த கத்தியை எடுத்து பாலத்துக் கல்லுலயே சமன்பாட்டை செதுக்கிட்டார். குவாட்டர்னியன்னு பேரு, இன்னிக்கு வீடியோ கேம்ல ஒரு உருவம் திரும்புறதுக்கும் விண்கலம் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு கணக்கு போடறதுக்கும் அதுதான் ஓடுது. இந்த ஆளைப் போய் ஸ்டம்பிள் ஆனார்னு எழுதுனா அந்தப் பசங்களே அடிக்க வருவாங்க.

ஸ்டம்பிளுக்கு ஆள் வேணும்னா 3எம் கம்பெனியோட ஸ்பென்சர் சில்வர். 1968ல ரொம்ப ஸ்ட்ராங்கான பசை பண்ணலாம்னு போனவருக்கு கிடைச்சது லேசா ஒட்டி அப்படியே உரிஞ்சு வர்ற பசை. இதை என்ன பண்றதுன்னு பல வருஷம் யாருக்கும் தெரியல, அவர் ஆபீஸ் முழுக்க சொல்லிக்கிட்டே திரிஞ்சார். ஆர்ட் ஃப்ரைன்னு அதே கம்பெனில இன்னொருத்தர், சர்ச் கொயர்ல பாடுறவர், பாட்டுப் புத்தகத்துல அடையாளத்துக்கு வச்ச துண்டுப் பேப்பர் விழுந்துக்கிட்டே இருக்கேன்னு கடுப்புல இருந்தவருக்கு 1974ல இந்தப் பசை ஞாபகம் வந்துச்சு. போஸ்ட்-இட், அதாவது ஒட்டி உரிக்கிற அந்தக் குட்டிக் குறிப்புத் தாள், அமெரிக்கா முழுக்க கடைக்கு வந்தது 1980ல. சில்வர் பசையை ஸ்டம்பிள் ஆனார், ஃப்ரை அதுக்கு ஒரு யூஸை 'கேம் அப் வித்', அதாவது யோசிச்சு சொன்னார். ரெண்டு பேரையும் "இன்வென்டட்"னு ஒரே மூட்டையில கட்டுனா நடுவுல போன ஆறு வருஷம் காணாம போயிடும்.

இந்த ஏரியாவுல ராணி மாதிரி ஒரு வார்த்தைன்னா செரன்டிபிட்டி, தேடாம நல்லது ஒண்ணு கையில கிடைக்கறது. ஹொரேஸ் வால்போல்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தாளர் 1754ல ஒரு லெட்டர்ல உண்டாக்குனது, அதுக்கு இங்கிலீஷ்ல காயின் பண்ணார்னு சொல்லணும். செரன்டிப்னா இலங்கைக்கு அரபு, பாரசீகக்காரங்க வச்சிருந்த பழைய பேரு, அந்த ஊர் இளவரசர்கள் மூணு பேரைப் பத்தின ஒரு பழைய கதையில இருந்து எடுத்தார். ஆனா வால்போல் சொன்னதுல பாதியை இன்னிக்கு எல்லாரும் முழுங்கிட்டாங்க. அவர் தற்செயல்னு மட்டும் சொல்லல, தற்செயலும் கூர்மையான புத்தியும் சேர்ந்ததுன்னுதான் சொன்னார். கஃபே பேருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் வச்சு வச்சு புத்தி போய் வெறும் அதிர்ஷ்டம் மட்டும் நிக்குது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

சரி, பெரிய ஊழல் நடக்கற இடத்துக்கு வர்றேன், டிஸ்கவர், டெவலப், டிவைஸ். ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடிச்சார்னு ஸ்கூல்ல படிச்சோம்ல, தப்பில்ல, 1928ல லண்டன்ல தட்டுல பூஞ்சை வளர்ந்து பாக்டீரியாவை அழிச்சதைப் பாத்தவர் அவர்தான், டிஸ்கவர் சரியான வார்த்தை. ஆனா அதைப் பிரிச்சு சுத்தமா எடுக்க அவரால முடியல. பத்து வருஷத்துக்கு அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டுல ஃப்ளோரி, செயின்னு ரெண்டு விஞ்ஞானிகளோட டீம் அதைக் கையில எடுத்துச்சு, அது டெவலப். அந்த டீம்ல நார்மன் ஹீட்லினு ஒருத்தர், இவரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர்க்காலம், எதுவும் கிடைக்காது, ஆஸ்பத்திரி பெட் பேன்ல பூஞ்சையை வளர்த்தார், அப்புறம் கிட்டத்தட்ட அதே ஷேப்ல பீங்கான் பாத்திரமே செய்யச் சொல்லி வாங்குனார். பெனிசிலினை ஒரு கரைப்பானுக்குள்ள இழுத்துட்டு, அமிலத்தன்மையை மாத்தி திரும்பத் தண்ணிக்கே கொண்டு வர்ற வழியும் அவரோடதுதான். இதுக்குத்தான் டிவைஸ்னு ஒரு வார்த்தை இருக்கு, இருக்கறதை வச்சு உட்கார்ந்து யோசிச்சு வழி பண்றது. 1941ல ஆல்பர்ட் அலெக்ஸாண்டர்னு ஒரு போலீஸ்காரருக்கு இந்த டீம் முதல் சிகிச்சையா அதைப் போட்டாங்க, தேற ஆரம்பிச்சார், ஆனா ஸ்டாக் பத்தல, அவரோட சிறுநீர்ல இருந்தே மருந்தைத் திரும்பப் பிரிச்சு எடுத்துப் போட்டும் பத்தாம மனுஷன் இறந்துட்டார். 1945 நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூணு பேருக்கு. ஹீட்லிக்கு இல்ல. 1990லதான் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு ஒரு கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. டிஸ்கவர் பண்ணவனுக்கு சிலை, டிவைஸ் பண்ணவனுக்கு அடிக்குறிப்பு!

இதுல ஒரு தமாஷ், இன்வென்ட்டே லத்தீன்ல 'எதிர்ப்பட்டுது, கண்டடைஞ்சது'ங்கற அர்த்தத்துல இருந்துதான் வந்துச்சு. அதாவது ஒரு காலத்துல இன்வென்டும் டிஸ்கவரும் பக்கத்து வீட்டுக்காரங்க. அமெரிக்க அரசியல் சாசனத்துல காப்புரிமை பத்தி வர்ற வரியில கூட இன்வென்டர்களோட 'டிஸ்கவரிஸ்'னுதான் இருக்கு.

இப்போ ரெண்டுக்கும் நடுவுல கோடிக்கணக்கான ரூபா நிக்குது. நம்ம நாட்டு பேடன்ட் (காப்புரிமை) சட்டத்துல பிரிவு 3 படிச்சுப் பாருங்க, ஏற்கனவே இருக்கறதை, இயற்கையில கிடைக்கறதை டிஸ்கவர் பண்ணா அது இன்வென்ஷன் இல்ல, பேடன்ட் கிடையாது. 3(டி) இன்னும் ஒரு படி மேல, தெரிஞ்ச மருந்தோட புது வடிவத்தைக் கண்டுபிடிச்சாலும் அதோட பலன் கூடலைன்னா அது வெறும் டிஸ்கவரிதான்னு சொல்லுது. நோவார்ட்டிஸ் கம்பெனியோட க்ளிவெக்னு ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்து, அதோட ஒரு படிக வடிவத்துக்கு பேடன்ட் கேட்டாங்க, 2006ல முடியாதுன்னு சொன்னது நம்ம சென்னை பேடன்ட் ஆபீஸ்தான். கேஸ் ஹைகோர்ட், ட்ரிப்யூனல்னு சுத்தி கடைசியில சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரல் 1ல நோவார்ட்டிஸுக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. பிராண்டு மருந்து மாசம் லட்ச ரூபாக்கு மேல, ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேற கம்பெனிங்க பண்றது, அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்லைன்னு அப்போ பேப்பரெல்லாம் எழுதுனாங்க. லேப்ல ஒருத்தரோட வேலையை 'டிஸ்கவரி'ன்னா அதுக்கு மேல பாராட்டே இல்ல, சட்டப் புத்தகத்துல அதே வார்த்தைக்கு முன்னாடி 'மியர்' (வெறும்)னு ஒண்ணு ஒட்டி வச்சிருக்காங்க, அந்த ஜெனரிக் மாத்திரை மெடிக்கல் ஷாப்புல தொடர்ந்து கிடைச்சது அந்த 'மியர்' புண்ணியத்துலதான்.